களையின் பெயர் தெரியுமா?

(கெடா மாநிலத் தோட்டமொன்றில் நடந்த கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, பள்ளிக்கூடம் என்று பேசுவதே வழக்கம். நாங்களோ இன்று புல்லையும் பூண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "கிராணியாருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கேட்கட்டும். புல்லும் பூண்டும் நம் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டவை. நம் பெண்களின் மூச்சோடும் சம்பந்தப்பட்டவை. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் முன்பு வேலை பார்த்த தோட்டம் ஒன்று, பெயர் வேண்டாம். பழைய பால்மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள். இளங்கன்றுகளின் நிரைகளுக்கு இடையே மூடுகொடி படர்ந்திருந்தது. அதனோடு வேறொரு கொடியும் பின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில் நான்கு பெண்களிடம் மருந்துப் பம்பைக் கொடுத்து, "பச்சையாகத் தெரிவதையெல்லாம் அடித்துவிட்டு வாருங்கள்" என்று மண்டோர் அனுப்பினார். அவர்களும் சொன்னபடியே அடித்துவிட்டு வந்தார்கள். சில நாள் கழித்துத் துரை வந்து பார்த்தபோது, காசு கொடுத்து விதை வாங்கி வளர்த்த மூடுகொடியும் சேர்ந்து கருகிக் கிடந்தது. குற்றம் யார் மேல் விழுந்தது? மண்டோர் மேல் இல்லை. நான்கு பெண்களின் சம்பளத்திலும் பிடித்தம் விழுந்தது. அந்தப் பிடித்தத்தைச் செக்ரோலில் எழுதிய கை எங்கள் கைதான். இதை மறைப்பதற்கில்லை.

சம்பளத்தன்று மாலை அந்த நால்வரில் மூத்தவர் ஆபீசுக்கு வந்தார். சிறு பிள்ளையாக இருந்த நாள் முதல் எங்களை அறிந்தவர். இரண்டு துண்டுக் கொடிகளை எடுத்துச் செக்ரோல் புத்தகத்தின் மேல் வைத்தார். "தம்பி, நீங்க படிச்சவங்க. இதுல எது பயிரு, எது களை? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்" என்றார். நாங்கள் இரண்டையும் பார்த்தோம். இரண்டும் பச்சை, இரண்டும் கொடி. எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் தண்டனையை மட்டும் எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு கிளைச் செயலாளர் நிர்வாகத்தைச் சந்தித்தார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்காத பிடித்தத்தைச் சம்பளத்தில் செய்ய முடியாது என்று எடுத்துச் சொன்னார். அடுத்த மாதம் பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்த அம்மையாரின் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. அன்று முதல் கண்ட செடியையெல்லாம் பிடுங்கிப் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், புத்தகம் படித்தும் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தோழர்களே, "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் முன்னோர் சொல். நெல் வயலுக்கு அது சரி. பால்மரக் காட்டுக்கு அதை அப்படியே பொருத்தியதால் வந்த கேடு கொஞ்சமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் தரையை வீட்டு வாசல் போல் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம் என்று எண்ணினார்கள். நம் பாட்டன் பாட்டிமார் குனிந்து குனிந்து ஒரு புல் விடாமல் சுரண்டினார்கள். மழை வந்தது. மூடியிராத மேல்மண் சரிவில் வழிந்து ஆற்றுக்குப் போயிற்று. சத்தெல்லாம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் அறிவு வந்தது. 1920களில் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் மண் ஆராய்ச்சி செய்த ஹைன்ஸ் என்பவர், தோட்டங்களில் தானாக முளைக்கும் செடிகொடிகளின் பயனைப் பற்றியும் அவற்றைக் கட்டுக்குள் வைப்பதைப் பற்றியும் 1934இல் ஒரு நூல் எழுதினார். தரையில் முளைப்பதெல்லாம் பகையன்று. சிலவற்றை விட்டுவைக்க வேண்டும், சிலவற்றை அகற்ற வேண்டும் என்பதே அந்த வழி. எதை விடுவது, எதை அகற்றுவது என்று முடிவு செய்ய வேண்டுமானால், முதலில் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அறிவு துரைமார் அலமாரியோடு நின்றுவிட்டது. களையைக் கையால் தொடுகிறவர்களிடம் வந்து சேரவில்லை.

கெடாவில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். ஜோகூர்க்காரருக்கும் பேராக்காரருக்கும் இல்லாத கஷ்டம் ஒன்று நமக்கு உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில், மார்ச் வரையில், கெடாவிலும் பெர்லிசிலும் வானம் கண்ணைத் திறப்பதில்லை. பால்மரம் இலையுதிர்ப்பதும் அந்த மாதங்களில்தான். நிழல் போய்விடும், வெயில் நேராகத் தரையில் இறங்கும். அந்த நேரத்தில் தரை மூடியிருந்தால் ஈரம் நிற்கும், வெறுந்தரையானால் வெடிக்கும். லாலான் மண்டிக் கிடந்தாலோ ஒரு பீடித் துண்டு போதும், காடே பற்றி எரியும். ஆகவே வறட்சி மாதம் வருமுன் தரையில் எது இருக்கிறது என்று அறிந்துவைப்பது பாதித் தோட்ட வேலைக்குச் சமம்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இந்த மண்ணுக்கே உரியவை. லாலான் உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைப் பஞ்சுப் பூ, விளிம்பில் கையை அறுக்கும் இலை. அது இந்நாட்டுப் புல்தான். இந்நாட்டுப் புல் என்பதால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் உயிர் மேலே இல்லை. மண்ணுக்குள் ஊசிபோல் ஓடும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. மேலே அறுத்தால் மீண்டும் வரும். எரித்தாலும் முதலில் முளைப்பது அதுதான். ஆனால் லாலானுக்கு ஒரு பலவீனம் உண்டு: நிழல் தாங்காது. மரங்கள் கிளைகோத்து நிழல் விழுந்ததும் தானே ஒடுங்கிவிடும்.

அடுத்து, மலாய்க்காரர் செண்டுடுக் என்று சொல்லும் செடி. பெரிய ஊதாப் பூ. பழம் தின்றால் வாயெல்லாம் கறை. சிறு வயதில் தின்று நாக்கை நீட்டிக் காட்டாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இதுவும் உள்நாட்டுச் செடிதான். இதற்கு அயலூரிலிருந்து வந்த உறவொன்று உண்டு. செண்டுடுக் பூலு என்பார்கள். உடம்பெல்லாம் மெல்லிய ரோமம், பூ சிறியது, வெள்ளை நிறம், பழம் கருநீலம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று காடெங்கும் விதைக்கின்றன. ஊதாப் பூவா, வெள்ளைப் பூவா என்று பார்த்தால் போதும், இரண்டும் பிரிந்துவிடும்.

மரத்தடியில் நிழலில் அடர்ந்து நிற்கும் மென்மையான பெரணிகளும் இந்த மண்ணின் செடிகளே. அவை மண்ணைப் பிடித்துவைக்கின்றன, ஈரத்தைக் காக்கின்றன. மரத்தைச் சுற்றியும் பால்வெட்டுப் பாதையிலும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் விட்டுவைக்கலாம்.

இனி வந்து சேர்ந்தவை. பொக்கோக் கப்பால் தெர்பாங் என்று மலாயில் ஒரு செடிக்குப் பெயர். ஆகாயக் கப்பல் செடி என்று பொருள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியிலிருந்து மூன்று நரம்புகள் சூலம் போலப் பிரியும். கசக்கினால் கடுமையான வாசனை வரும். கை வெட்டுக்கு இதன் இலையைக் கசக்கிக் கட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். இதுவும் வெப்ப அமெரிக்கச் செடிதான். வறட்சியில் காய்ந்து விறகாகி நெருப்பைத் தூக்கிக் கொடுக்கும். மழை விழுந்ததும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஆகவே அறுத்துப் பயனில்லை. பூக்குமுன் கட்டையோடு பெயர்க்க வேண்டும்.

ரும்புட் இஸ்ரேல் என்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாழ்ந்த செடி. சிறிய வெள்ளைப் பூவில் ஊதாக் கறை இருக்கும். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். ஆடும் மாடும் இதை விரும்பித் தின்னும். பால்மரத்தடியில் செம்மறியாடு மேய்த்துக் களையைக் குறைக்கலாம் என்று ரப்பர் ஆராய்ச்சி நிலையமே முன்பு சோதித்துக் காட்டியிருக்கிறது. லயத்தில் ஆடு வளர்ப்பவரை விரட்டுகிற நிர்வாகங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி அந்த அம்மையார் புத்தகத்தின் மேல் வைத்த இரண்டு கொடிகள். ஒன்று மூடுகொடி, பியுரேரியா என்று பெயர். ஒரே காம்பில் மூன்று இலைகள் சேர்ந்திருக்கும், ரோமம் படிந்திருக்கும், அவரையைப் போல் காய் காய்க்கும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே செம்மை. அந்த முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. கம்பெனிக்கு அது காசில்லாத உரம்.

மற்றது மிக்கேனியா. இலை தனித்தனி, காம்புக்கு மூன்றாக இராது. தண்டில் எதிர் எதிராக, இதய வடிவத்தில் நிற்கும். வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும், காய் இல்லை, பஞ்சு கட்டிய விதை காற்றில் பறக்கும். இளங்கன்றின் மேல் ஏறிப் போர்வை போல் மூடிவிடும். ரப்பரின் வளர்ச்சியையே தடுக்கும் பொருள் இதிலிருந்து மண்ணில் இறங்குகிறது என்று 1960களிலேயே ஆராய்ந்து சொன்னார்கள். இதைப் பாராங்கால் வெட்டிச் சிதறவிடுவது நம் கையால் நாமே நடுவதற்குச் சமம். துண்டு விழுந்த இடத்தில், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். பூக்குமுன் கையால் இழுத்துப் பாய் போல் சுருட்டி, மண்ணில் படாமல் வெயிலில் காய வைப்பதே வழி.

மூன்று இலையா, ஒற்றை இலையா? இந்த ஒரு வரியைப் பெரட்டில் சொல்லியிருந்தால் நான்கு பெண்களின் சம்பளத்தில் கை வைத்திருக்க வேண்டியதில்லை, மூடுகொடியும் பிழைத்திருக்கும்.

இங்கே ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு செடி களையாகிவிடாது. நமக்குச் சோறு போட்ட பால்மரமே பிரேசில் நாட்டுக்காரன். 1876இல் விதையாக லண்டன் போய், 1877இல் நாற்றாகச் சிங்கப்பூர் வந்து இறங்கியது. நிரைகளில் நாம் வளர்க்கும் மூடுகொடிகளிலும் சில அமெரிக்காவிலிருந்து வந்தவையே. நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தாம். வந்து, காட்டைத் தோட்டமாக்கினார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதோடு நிற்காமல், வந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செடிக்கும் அதுதான் நியாயம்.

இனி மருந்துக்கு வருவோம். தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

லாலானை ஒழிக்க என்று முன்னொரு காலத்தில் சோடியம் ஆர்சனைட்டைத் தெளித்தார்கள். பச்சை விஷம் அது. பிறகு 1960களில் பாராகுவாட் வந்தது. அடித்த ஓரிரு நாளில் இலை கருகிவிடும். பார்ப்பவர்க்கு வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அது பட்ட பச்சையைத்தான் கருக்கும். லாலானின் மண்ணடித் தண்டு அப்படியே இருக்கும். சில வாரத்தில் மீண்டும் முளைக்கும், மீண்டும் அடிக்க வேண்டும். அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். பதினைந்து லிட்டர் தண்ணீர் பதினைந்து கிலோ எடை. அதை முதுகில் சுமந்து, கசிகிற பம்போடு மேடும் பள்ளமும் ஏறி இறங்கினார்கள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. அந்த விஷம் ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

2002இல் தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. ஆனால் 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். அறிவித்ததற்கும் முடிந்ததற்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அந்தப் பதினேழு ஆண்டும் பம்பு யார் முதுகில் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

தடை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அதற்குப் பதிலாக வருவது தண்ணீர் அல்ல. கிளைபோசேட் வேர் வரை இறங்கும் மருந்து. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2015இல் வகைப்படுத்தியது. அதை மறுக்கிற அரசாங்க நிறுவனங்களும் உண்டு. அவர்கள் வாதம் முடியும் வரை நம் கையுறை கழன்றிருக்கலாமா? இன்னொன்றும் கேளுங்கள். ஒரே மருந்தையே ஓயாமல் அடித்தால் களை அதற்குப் பழகிவிடுகிறது. கேழ்வரகின் காட்டு உறவான ரும்புட் சம்பாவ் என்னும் புல், கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நின்றதைப் பேராக்கில் தெலுக் இந்தான் பக்கம் 1997இலேயே கண்டார்கள். களை தாங்கிக்கொண்டது. மனித உடம்பு அப்படித் தாங்கிக்கொள்ளாது.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முற்றிப்போன லாலான் காட்டைக் கையால் மட்டும் அழி என்பது தொழிலாளியின் இடுப்பை ஒடிப்பதாகும். நாங்கள் சொல்வது வரிசை: முதலில் அடையாளம் காண்பது, அடுத்து, பூக்குமுன் கையால் எடுக்க முடிந்ததை எடுப்பது, அடுத்து, நிழலும் மூடுகொடியும் செய்யக்கூடிய வேலையை அவற்றுக்கு விடுவது. இவை எல்லாம் முடிந்த பின் மிஞ்சும் இடத்தில் மட்டும் மருந்து. அப்படிச் செய்தால் பம்பு குறையும், கம்பெனிக்குச் செலவும் குறையும். கையால் களையெடுப்பதற்கு ஆள் கூலி கூடும் என்று நிர்வாகம் சொல்லும். கூடட்டும், அது தொழிலாளியின் அடுப்புக்குப் போகிற காசு.

ஆகவே இக்கிளை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: களை வேலைக்கு அனுப்புமுன், அந்தக் காட்டில் எதை அழிப்பது, எதை விடுவது என்று செடியைப் பிடுங்கிக் கையில் காட்டிச் சொல்ல வேண்டும். காட்டாமல் அனுப்பிவிட்டுக் குற்றம் சாட்டக் கூடாது.

இரண்டு: எந்த மருந்து, எந்த அளவு என்பதைத் தெளிப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத தோம்பிலிருந்து மருந்து கலக்கச் சொல்லக் கூடாது.

மூன்று: கையுறை, காலணி, முகமூடி, கசியாத பம்பு ஆகியவற்றை நிர்வாகமே இலவசமாகக் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காகக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக எண்ணினால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையும், சட்டத் திருத்தத்தின் வழியாக, 2024 ஜூன் முதல் நமக்கு வந்திருக்கிறது. இதைக் கேட்டுப் பெறத் தெரியாவிட்டால் சட்டம் புத்தகத்திலேயே தூங்கும்.

நான்கு: காலி மருந்துத் தோம்பு லயத்துக்கு வரக் கூடாது. கழுவி, ஓட்டை போட்டு, நிர்வாகமே ஒழிக்க வேண்டும். அதில் தண்ணீர் பிடித்துவைக்கும் வழக்கம் இனி ஒரு வீட்டிலும் இருக்கக் கூடாது, தாய்மார்களே.

இன்னொரு செய்தி. இப்போது நம் அருகில் பம்பு சுமப்பவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். மருந்துத் தோம்பின் மேல் ஒட்டிய எழுத்தை அவர்களில் பலரால் படிக்க முடியாது. ஒரு காலத்தில் நம் பாட்டிமார் இருந்த நிலையில் அவர்கள் இன்று இருக்கிறார்கள். மூன்று இலை எது, ஒற்றை இலை எது என்று அவர்களுக்குக் காட்ட மொழி வேண்டாம், விரல் போதும்.

கடைசியாக எங்கள் கிராணிமார்களுக்கு. செக்ரோலில் நாங்கள் எழுதுவது "களை வேலை, இத்தனை பேர்" என்ற ஒரே வரி. இனி அதோடு எந்தக் காடு, எந்தக் களை, என்ன மருந்து, எவ்வளவு, யார் அடித்தார் என்பதையும் எழுதிவைப்போம். நாளைக்கு ஒருவருக்கு நோய் வந்தால், அவருக்காகப் பேசுவதற்கு அந்த வரி இருக்கும். பிடித்தம் எழுதிய அதே பேனாவால் இதையும் எழுத முடியும்.

அந்த அம்மையார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற முறை பார்த்தபோது வாசலில் ஒரு கொடியைக் காட்டி, "இது எது தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இம்முறை எங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் மேசை மேல் வைத்திருக்கும் ஆறு செடிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பெயர் சொல்லிவிட்டுப் போகுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!